சாம்பலும் கசடும் கலந்த கான்கிரீட்: அறிகுறியிலிருந்து காரணத்தைத் தேடுதல்

மின் நிலையங்களில் நிலக்கரி எரிந்த புகையிலிருந்து பிடிக்கப்படும் ஃப்ளை ஆஷ், இரும்பு உருக்கும் ஊதுலையின் கசடைத் தண்ணீரால் சட்டெனக் குளிர்வித்து அரைத்த பொடி, சிலிக்கன் உலைகளின் புகையில் கிடைக்கும் சிலிக்கா ஃபியூம் ஆகிய மூன்றும் இன்று கான்கிரீட்டின் ஆயுளைக் கூட்டுவதற்காகச் சேர்க்கப்படுகின்றன. ஆனால் இவை சேர்ந்த கலவையில் ஏதேனும் குறை தெரிந்தால், கலவையிலுள்ள மற்ற அனைத்தையும் விட்டுவிட்டுப் பழி முழுவதையும் இவற்றின் மீது போடும் வழக்கம் உள்ளது. சாம்பலின் அளவைக் கேட்பதற்கு முன், குறை எந்த நாளில் கண்ணில் பட்டது என்று கேட்பதே சரியான தொடக்கம். ஏனெனில் இம்மூன்றும் சிமென்டின் கடிகாரத்தைப் பின்பற்றுவதில்லை.

சிமென்ட் தண்ணீரோடு வினைபுரியும்போது, வலிமை தரும் கால்சியம் சிலிக்கேட் பசையுடன் கால்சியம் ஹைட்ராக்சைடும், அதாவது நீர்த்த சுண்ணாம்பும், உண்டாகிறது. இந்தச் சுண்ணாம்பு வலிமைக்குப் பெரிதாக உதவுவதில்லை. நீரில் மெல்லக் கரைந்து வெளியேறும். சல்பேட் உப்பு வந்தால் எளிதில் இரையாகும். ஃப்ளை ஆஷும் சிலிக்கா ஃபியூமும் இந்தச் சுண்ணாம்பை எடுத்துக்கொண்டு மேலும் பசையாக மாற்றுவதால் நுண்துளைகள் சுருங்குகின்றன; உப்பும் நீரும் உள்ளே செல்லும் வழி அடைபடுகிறது. ஊதுலைக் கசடோ தானே இறுகும் இயல்புடையது, அதைத் தூண்டிவிடக் காரம் மட்டும் வேண்டும். எமில் லாங்கன் 1862இல் இந்த இயல்பைக் கண்டறிந்தார். சிலிக்கா ஃபியூம் முதல் சில நாள்களிலேயே வேலை செய்யத் தொடங்கும். கசடு அதற்குப் பின்னால் வரும். சுண்ணாம்புச் சத்து குறைந்த ஃப்ளை ஆஷ் வாரங்கள் கழித்தே முழு வேகம் பெறும். கீழே வரும் அறிகுறிகளில் பாதிக்கு மேற்பட்டவை இந்த வரிசையை மறந்ததால் வருபவை.

மறுநாளாகியும் கான்கிரீட் இறுகவில்லை

சாம்பலோ கசடோ சேர்த்த கலவை சில மணி நேரம் தாமதமாக இறுகுவது இயல்பு. குளிர்ந்த காலநிலையில் இந்தத் தாமதம் இன்னும் நீளும். குறிப்பாகக் கசடு வெப்பநிலைக்கு மிகவும் கட்டுப்பட்டது. ஆனால் முழு இரவு கடந்தும் விரல் பதிகிறது என்றால் அதை இயல்பு என்று சமாதானம் செய்துகொள்ளக் கூடாது.

முதலில் கலவை நிலையத்தின் எடைச் சீட்டுகளைப் பார்க்க வேண்டும். ஃப்ளை ஆஷும் சிமென்டும் ஒரே மாதிரியான டேங்கர் லாரிகளில் வந்து ஒரே மாதிரியான குழாய் வழியாகச் சிலோ எனும் உயர்ந்த சேமிப்புக் கலனில் ஏற்றப்படுவதால், சிமென்ட் சிலோவில் சாம்பல் ஏறிவிடும் விபத்து நடக்கக்கூடியதே. அப்படி நடந்திருந்தால் அந்தக் கான்கிரீட் காத்திருப்பதால் சரியாகாது, இடித்து எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. இரண்டையும் ஒரே தராசில் அடுத்தடுத்து எடை போடும் நிலையங்களில் சிமென்டை முதலிலும் சாம்பலை அதன் மேலும் எடுக்க வேண்டும் என்பதற்கும் இதுவே காரணம்: வரிசை மாறினால், சாம்பல் கூடுதலாக விழும் ஒவ்வொரு முறையும் சிமென்ட் அதே அளவுக்குக் குறைந்துபோகும், மொத்த எடை மட்டும் சரியாகவே காட்டும்.

சீட்டு சரியாக இருந்தால், சிமென்ட் மூட்டையின் மீது அச்சிட்டிருப்பதைப் படிக்க வேண்டும். சாம்பலோ கசடோ ஏற்கெனவே கலந்து அரைத்த கலப்புச் சிமென்டை வாங்கி, அதைச் சாதாரண சிமென்ட் என்று எண்ணி, மிக்சரில் மேலும் 30 சதவீதம் சாம்பல் சேர்ப்பது நான் அறிந்த வரையில் மிகவும் மலிவான, மிகவும் பரவலான பிழை. அதன் பிறகே தாமதப்படுத்தும் வேதிப்பொருளின் அளவு கூடியதா என்பதை ஆராய வேண்டும். இந்த மூன்றாவது காரணமானால், மேற்பரப்பு உலராமல் மூடிவைத்துக் காத்திருந்தால் கான்கிரீட் பெரும்பாலும் இறுகி எதிர்பார்த்த வலிமையையும் அடைந்துவிடும்.

இதற்கு நேர் எதிரான அறிகுறியும் உண்டு: கலவை சில நிமிடங்களிலேயே விறைத்துப் போகும். சுண்ணாம்புச் சத்து மிகுந்த ஃப்ளை ஆஷ், வெயில், நீர்குறைக்கும் வேதிப்பொருள் ஆகிய மூன்றும் சேரும் இடத்தில் சிமென்டிலுள்ள ஜிப்சத்தின் சல்பேட் போதாமல் போவதால் இது நேர்கிறது. தண்ணீர் ஊற்றி இளக்குவது தற்காலிக ஏமாற்று. வேதிப்பொருளைச் சற்றுத் தாமதமாகச் சேர்த்துப் பார்க்கலாம். தீரவில்லை எனில் சாம்பலையோ வேதிப்பொருளையோ மாற்றியாக வேண்டும்.

ஏழாம் நாள் கியூப் சோதனையில் வலிமை குறைவு

அதிகம் பதற்றம் உண்டாக்கும் அறிகுறி இதுதான், பெரும்பாலும் தேவையற்ற பதற்றம். சாதாரண சிமென்ட் கலவையில் ஏழாம் நாள் வலிமையை வைத்து 28ஆம் நாள் வலிமையை ஊகிக்கப் பழகியவர்கள், அதே விகிதத்தைச் சாம்பல் கலவைக்கும் போட்டுப் பார்த்துத் தோல்வி என்று எழுதிவிடுகிறார்கள். சிமென்டில் 30 சதவீதத்தைச் சாம்பலால் மாற்றிய கலவை ஏழாம் நாளில் பின்தங்கியிருப்பதும், 28க்கும் 90க்கும் இடையே சாதாரண கலவையை எட்டிப் பிடிப்பதும் எதிர்பார்க்க வேண்டியவை. அதனால்தான் சாம்பல் மிகுந்த கலவைகளுக்கு வலிமை மதிப்பிடும் நாளை 56 அல்லது 90 என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவது நல்லது. வார்த்த பிறகு நாளை மாற்றிப் பேசினால் யாரும் நம்பமாட்டார்கள்.

ஆனாலும் உண்மையான குறையைப் பிரித்தறிய வேண்டும். அதற்கு ஒரே கலவையில் எடுத்த கியூப்களை, அதாவது நசுக்கி வலிமை பார்க்கும் கனசதுர மாதிரிகளை, இரண்டு இடங்களில் வைக்க வேண்டும்: ஒரு தொகுதி ஆய்வகத் தொட்டியில், மறு தொகுதி வார்ப்பின் அருகிலேயே அதே வெயிலிலும் குளிரிலும். தொட்டிக் கியூப் நன்றாக இருந்து களக் கியூப் மட்டும் குறைந்தால், குறை கலவையில் இல்லை. கியூரிங் என்று நாம் சொல்லும் ஈரம் காத்தலில் இருக்கிறது. சாம்பல் வினைபுரியத் தொடங்கும் நேரத்தில் கான்கிரீட்டில் ஈரம் இல்லாமல் போனால் வினை அங்கேயே நின்றுவிடும், சாம்பல் வெறும் நுண்மணலாகத் தங்கிவிடும். சாதாரண கலவைக்கு ஏழு நாள் ஈரம் காத்தால் இதற்கு பத்து முதல் பதினான்கு நாள் காக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். இரு தொகுதியும் குறைந்திருந்தால் மட்டுமே பொருளைச் சந்தேகிக்க வேண்டும். அப்போது முதலில் பார்க்க வேண்டியது சாம்பலின் நுண்மை: 45 மைக்ரான் சல்லடையில் ஈரமாகச் சலித்தால் மேலே தங்கும் அளவு முன்பு வந்த சரக்கைவிடக் கூடியிருக்கிறதா? கரடான சாம்பல் மந்தமாகவே வேலை செய்யும். உலையின் அடியில் தங்கும் அடிச்சாம்பலை யாரோ ஃப்ளை ஆஷ் என்ற பெயரில் அனுப்பியிருந்தால் அதுவும் இந்தச் சல்லடையில் தெரிந்துவிடும்.

தண்ணீரின் கணக்கும் இங்கே சேர வேண்டும். நல்ல ஃப்ளை ஆஷின் துகள்கள் உருண்டையானவை. ஜல்லிக்கும் மணலுக்கும் இடையே உருளைகள்போல் நின்று கலவையை இளக்குகின்றன. அந்த இளக்கத்தைப் பயன்படுத்தித் தண்ணீரைக் குறைத்தால்தான் தொடக்க வலிமை இழப்பை ஈடுகட்ட முடியும். பழைய கலவையின் தண்ணீரை அப்படியே ஊற்றிவிட்டு, கலவை நன்றாக ஓடுகிறது என்று மகிழ்ந்தால், சாம்பல் தந்த சலுகையைக் கைநழுவ விட்டதாகவே பொருள்.

முட்டுப் பலகைகளைப் பிரிக்கும் நாளைப் பழைய வழக்கப்படி வைக்காமல், களக் கியூப் காட்டும் வலிமையை வைத்தே முடிவு செய்ய வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை.

வார்த்த சில மணி நேரத்தில் மேற்பரப்பில் வெடிப்புகள்

சிலிக்கா ஃபியூம் சேர்த்த தளங்களில் இது மிகவும் எதிர்பார்க்கத்தக்கது. அதன் துகள் சராசரியாகச் சிமென்ட் துகளைவிட ஏறக்குறைய நூறு மடங்கு சிறியது. கலவையிலுள்ள நீரையெல்லாம் தன் பரப்பில் பிடித்து வைத்துக்கொள்வதால், சாதாரண கான்கிரீட்டில் மேலே ஊறி வந்து மேற்பரப்பை நனைக்கும் நீர் இதில் வருவதே இல்லை. காற்றும் வெயிலும் மேற்பரப்பை உலர்த்தும் வேகத்துக்கு ஈடாக உள்ளிருந்து நீர் வராததால், கான்கிரீட் இன்னும் இளகிய நிலையில் இருக்கும்போதே அது சுருங்கி வெடிக்கிறது.

வெடிப்புகள் இணைகோடுகளாக, காற்று வீசும் திசைக்கு ஏறக்குறைய குறுக்காக, ஒரு மணி முதல் சில மணி நேரத்துக்குள் தோன்றினால் காரணத்தில் ஐயம் வேண்டாம். பரப்பி மட்டம் செய்த உடனேயே, கரணை போடும் வரை காத்திருக்காமல், மேலே மூடுபனிபோல் நீர்த்திவலைகளைத் தெளிக்க வேண்டும். காற்றுக்குத் தடுப்பு நிறுத்த வேண்டும். மேற்பரப்பு மினுமினுப்பை இழக்கும் முன் பிளாஸ்டிக் தாளால் மூட வேண்டும். தெளித்த நீரைக் கரணையால் மேற்பரப்பில் தேய்த்துச் சேர்த்துவிடக் கூடாது. வெடிப்பு தோன்றும்போது கான்கிரீட் இன்னும் இளகியிருந்தால் மரக்கட்டையால் அழுத்தி மீண்டும் மூடலாம், இறுகிய பின் அந்த வாய்ப்பு இல்லை.

இதே கலவை கரணையில் ஒட்டுகிறது, பம்பில் தடுமாறுகிறது என்ற புகாரும் வரும். சிலிக்கா ஃபியூம் கலவை பசைத்தன்மை மிகுந்தது. கலவையின் இளக்கத்தைக் காட்டும் ஸ்லம்ப் அளவைச் சாதாரண கலவைக்கு வைப்பதைவிட 40 முதல் 50 மில்லிமீட்டர் கூட்டி வடிவமைக்க வேண்டும், அந்தக் கூடுதலைத் தண்ணீரால் அல்லாமல், கலவையை இளக்கும் வேதிப்பொருளான சூப்பர் பிளாஸ்டிசைசரால் பெற வேண்டும்.

தளத்தின் மேல்தோல் தூசியாகவோ செதிலாகவோ உதிர்கிறது

பெரும்பாலும் இது கைவேலையின் அவசரம். ஃப்ளை ஆஷ் கலவை தாமதமாக இறுகுவதால், நீர் மேலே ஊறுவதும் நீண்ட நேரம் தொடர்கிறது. வழக்கமான நேரத்துக்குக் கொத்தனார் கரணை போட்டு மேல்தோலை மூடிவிட்டால், பின்னால் வரும் நீர் அந்தத் தோலுக்கு அடியில் சிக்கிப் பலவீனமான ஒரு அடுக்கை உண்டாக்குகிறது. ஊறிய நீரின் பளபளப்பு மறைந்து, காலடி சில மில்லிமீட்டர் மட்டுமே பதியும் வரை காத்திருக்க வேண்டும்; கடிகாரத்தைப் பார்த்துத் தொடங்கக் கூடாது.

பனி உருக்கும் உப்பு போடப்படும் சாலைகளிலும் வாகன நிறுத்தங்களிலும் செதில் உதிர்ந்தால் இன்னொரு காரணமும் உண்டு. அமெரிக்க கான்கிரீட் நிறுவனத்தின் ஏசிஐ 318 விதிகள் இத்தகைய கடும் சூழலுக்கு மொத்தச் சிமென்டுப் பொருளில் ஃப்ளை ஆஷ் 25 சதவீதம், கசடு 50 சதவீதம், சிலிக்கா ஃபியூம் 10 சதவீதம் என்று உச்சவரம்பு வைக்கின்றன. அதைத் தாண்டியிருந்தால் கலவையைக் குறைகூறலாம்.

கலவையில் காற்றளவு நிலைகொள்வதில்லை

உறைபனிக்கு ஈடுகொடுக்கக் காற்றுக்குமிழ்கள் தேவைப்படும் இடங்களில், ஒரு லாரியில் ஆறு சதவீதமும் அடுத்த லாரியில் மூன்று சதவீதமும் வருவது சாம்பலிலுள்ள எரியாத கரியின் வேலை. குமிழ் உண்டாக்கும் வேதிப்பொருளைக் கரி உறிஞ்சிவிடுகிறது. அமெரிக்கத் தர அமைப்பான ஏஎஸ்டிஎம்மின் சி 618 தரவிதி, சாம்பலை எரித்தால் குறையும் எடையை, அதாவது எரிப்பு இழப்பை, 6 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்துகிறது என்றாலும், அந்த எண் முழு உண்மையைச் சொல்லாது. கரியின் அளவைப் போலவே அதன் வகையும் உறிஞ்சும் திறனைத் தீர்மானிக்கிறது. நுரைச் சோதனை எளிது: சிறு ஜாடியில் சிமென்டையும் சாம்பலையும் தண்ணீரோடு குலுக்கி, நீர்த்த வேதிப்பொருளைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, மேலே நுரை உடையாமல் 45 விநாடி நிற்க எத்தனை சொட்டு வேண்டும் என்று எண்ணுவது. ஒவ்வொரு சரக்குக்கும் செய்தால் மாறுபாடு லாரி புறப்படும் முன்பே தெரிந்துவிடும்.

நிறமும் நெடியும்

பலகையைப் பிரித்ததும் கான்கிரீட் நீலப்பச்சையாகத் தெரிந்தால் கசடு நன்றாக வேலை செய்கிறது என்றே கொள்ளலாம். அதிலுள்ள சல்ஃபைடுகள் தரும் நிறம் அது, காற்றுப் பட்டால் மெல்ல மறையும், எப்போதும் நீருக்குள் இருக்கும் தொட்டிகளில் மட்டும் நீண்ட நாள் தங்கலாம். மேற்பரப்பில் கரும்புள்ளிகள் மிதந்தால் அது எரியாத கரி. தோற்றத்துக்குக் கேடு, வலிமைக்குப் பெரும்பாலும் இல்லை. கலக்கும்போது அம்மோனியா நெடி வந்தால், மின் நிலையத்தில் நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைக்கச் செலுத்திய அம்மோனியா சாம்பலில் ஒட்டியிருந்து, சிமென்டின் காரத்தில் வாயுவாக வெளியேறுகிறது. கான்கிரீட்டுக்கு அதனால் தீங்கில்லை, மூடிய அடித்தளத்தில் வேலை செய்பவர்களுக்கு உண்டு. காற்றோட்டம் இல்லாமல் வார்ப்பைத் தொடரக் கூடாது.

தடித்த வார்ப்பில் சில நாள்களில் ஆழமான வெடிப்பு

வெப்பத்தைக் குறைப்பதற்காகவே சாம்பல் சேர்த்திருக்கிறோம், பிறகு எப்படி வெடித்தது என்று கேட்பார்கள். 1953இல் முடிந்த அமெரிக்காவின் மொன்டானா மாநில ஹங்ரி ஹார்ஸ் அணை முதல் பேரளவு வார்ப்புகளில் சாம்பல் வெப்பத்தைக் குறைத்துவருவது உண்மை. ஆனால் 15 சதவீதச் சாம்பல் அதைச் செய்யாது. நன்றாக அரைத்த கசடும் பாதிக்கும் குறைவாகச் சேர்த்தால் பெரிய மாற்றம் தராது. நடுப்பகுதிக்கும் மேற்பரப்புக்கும் உள்ள வேறுபாடு 20 டிகிரி செல்சியசைத் தாண்டியதா, உச்ச வெப்பம் 70 டிகிரியைத் தொட்டதா என்று வெப்பமானிப் பதிவைப் பார்க்க வேண்டும். பதிவே இல்லையென்றால், பலகையை எப்போது பிரித்தார்கள், மேற்பரப்பில் குளிர்ந்த நீரை ஊற்றினார்களா என்று விசாரிப்பதே மிஞ்சும் வழி. சூடான வார்ப்பின் மீது குளிர்நீர் ஊற்றுவது ஈரம் காத்தல் அல்ல, வெடிப்பை அழைத்து வருதல்.

குளோரைடு ஊடுருவல் சோதனையில் எண் கூடுதலாக வருகிறது

கடலோரக் கட்டமைப்புகளுக்குச் சாம்பல் சேர்த்துவிட்டு, 28ஆம் நாளில் ஏஎஸ்டிஎம் சி 1202 சோதனை செய்து, மாதிரியினூடே பாய்ந்த மின்னூட்டம் 4000 கூலும்பைத் தாண்டியதும் கலவை தகுதியற்றது என்று முடிவு கட்டுவது நீதியில்லை. ஃப்ளை ஆஷ் தன் வேலையைத் தொடங்கிய நாளில் அதன் விளைவைக் கேட்கிறோம். 90ஆம் நாளில் செய்ய வேண்டும். அவ்வளவு நாள் இல்லையெனில், மாதிரியை ஏழு நாள் சாதாரண வெப்பத்திலும் அடுத்த 21 நாள் 38 டிகிரியிலும் நனைத்து வைக்கும் விரைவுமுறை உள்ளது.

எதிர்த்திசையிலும் எச்சரிக்கை தேவை. இந்தச் சோதனை அளப்பது மின்னோட்டத்தை, குளோரைடை நேரடியாக அல்ல. சிலிக்கா ஃபியூம் துளைகளிலுள்ள நீரின் காரத்தைக் குறைப்பதால் மின்கடத்தலும் குறைந்து, எண் உள்ளதைவிட அழகாகத் தெரியும். கால்சியம் நைட்ரைட் துருத்தடுப்பி சேர்த்திருந்தால் எண் காரணமின்றிக் கூடும்.

உப்பில்லாத இடத்தில் கம்பி துருப்பிடிக்கிறது

உடைத்த புதிய பரப்பில் ஃபினால்ப்தலீன் கரைசலைத் தெளித்துப் பார்க்க வேண்டும். இளஞ்சிவப்பாக மாறும் பகுதி காரத்தோடு இருக்கிறது; நிறம் மாறாத பகுதியில் காற்றின் கரியமில வாயு காரத்தைத் தின்றுவிட்டது. நிறமாறாத ஆழம் கம்பியை எட்டியிருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. சாம்பலும் கசடும் சுண்ணாம்பைச் செலவழிப்பதால், கரியமில வாயுவை எதிர்கொள்ளக் கைவசம் உள்ள இருப்பு குறைகிறது என்பது இவற்றின் உண்மையான பலவீனம். இதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. நன்றாக ஈரம் காத்து, நீர் விகிதத்தைக் குறைத்த கலவையில் துளைகளின் நெருக்கம் இந்த இழப்பை ஈடுகட்டும். மூன்று நாளில் காயவிட்ட, கம்பியை மூடும் கான்கிரீட்டின் தடிமன் குறைந்த வார்ப்பில் ஈடுகட்டாது. மழையும் வெயிலும் படாத உள்ளறைகளைவிட, சற்றே ஈரமும் சற்றே உலர்வும் மாறி மாறி வரும் பகுதிகளில்தான் துரு முதலில் தெரியும்.

ஆண்டுகள் கழித்து வலைப்பின்னல் வெடிப்புகள்

ஜல்லியிலுள்ள சில வகைச் சிலிக்கா சிமென்டின் காரத்தோடு வினைபுரிந்து நீரை உறிஞ்சிப் பருக்கும் கூழாக மாறுவதை 1940இல் அமெரிக்கப் பொறியாளர் தாமஸ் ஸ்டான்டன் விளக்கினார். இதைத் தடுக்கவே சாம்பல் சேர்த்திருந்தும் வெடிப்பு வந்தால், அளவைக் கேட்க வேண்டும். சுண்ணாம்புச் சத்து குறைந்த ஃப்ளை ஆஷ் 20 முதல் 30 சதவீதம், கசடு ஏறக்குறைய 50 சதவீதம் இருந்தால்தான் பெரும்பாலான ஜல்லிகளை அடக்க முடியும். சுண்ணாம்பு மிகுந்த சாம்பல் இதே அளவில் போதாது. சல்பேட் மண்ணிலோ அது நிலைமையை மோசமாக்கவும் கூடும். சிலிக்கா ஃபியூம் சேர்த்தும் வெடித்தால், சரியாகக் கலக்கப்படாமல் மணி மணியாகத் தங்கிய கட்டிகளை நுண்ணோக்கியில் தேட வேண்டும். அந்தக் கட்டிகளே வினைபுரியும் ஜல்லிபோல் நடந்துகொள்ளும். அடர்த்தியூட்டிய சிலிக்கா ஃபியூமை ஜல்லியோடும் நீரின் ஒரு பகுதியோடும் முதலில் சுழலவிட்டு, பின்னரே சிமென்டைச் சேர்க்க வேண்டும் என்பது இதற்காகத்தான்.

மேற்பரப்பில் கூம்பு வடிவக் குழிகள் தெறிக்கின்றன

குழியின் அடியில் வெண்பொடியோ துருக்கறையோ படிந்த ஒரு கசட்டுத் துண்டு இருந்தால், ஜல்லியாகப் பயன்பட்டது எஃகு உலைக் கசடு. ஊதுலைக் கசடும் எஃகு உலைக் கசடும் பேச்சில் ஒரே பெயரால் வழங்குவதால் வரும் தொல்லை இது. எஃகு உலைக் கசட்டில் வினைபுரியாத சுண்ணாம்பும் மக்னீசியாவும் தங்கியிருக்கும். ஈரம் பட்டதும் அவை பருத்து மேலிருக்கும் கான்கிரீட்டைத் தள்ளும். குவியலை மாதக்கணக்கில் நனைத்து ஆறப்போட்டு, விரிவுச் சோதனையில் தேறிய பிறகும் அதைச் சாலையின் அடிப்படுகைக்கு அனுப்புவதே என் விருப்பம், கான்கிரீட்டுக்கு அல்ல. வார்த்து முடிந்த தளத்தில் குழிகளை அடைப்பதற்கு முன் கசட்டுத் துண்டை முழுவதுமாகக் குடைந்து எடுக்க வேண்டும். ஒரு சிறு பகுதி உள்ளே நின்றாலும் அது மீண்டும் ஈரம் குடித்து, போட்ட ஒட்டை வெளியே தள்ளிவிடும்.